ஊராட்சியும் வாக்குரிமையும்: உறுப்பினர்கள் அறிய வேண்டிய ஓர் அரசியல் பாடம்

1950-ம் ஆண்டில், நமது அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில், உளுந்தூர்பேட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்த விவசாயி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். உளுந்தும் மணிலாவும் பயிரிட்டு, விளைந்ததை உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டுவந்து விற்று வாழ்ந்தவர் அவர். பிறந்த ஊரை விட்டு ஒரு நாளும் குடிபெயர்ந்தாரில்லை. ஆயினும் அவர் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார். பிறந்தபோது அவ்வூர் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ம் ஆண்டு செப்டம்பர் 30-ம் நாள் அது விழுப்புரத்தைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ம் நாள் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பிறந்த நாளில் சென்னை இராஜ்யம் என வழங்கிய மாநிலமும் 1969-ம் ஆண்டு ஜனவரி 14-ம் நாள் தமிழ்நாடு எனப் பெயர் பூண்டது.

எல்லைகளும் பெயர்களும் இவ்வாறு மாறின. இனி, அவர் வாக்களித்த கணக்கைப் பார்ப்போம். 1977 முதல் 2021 வரை நமது சட்டமன்றத்துக்குப் பதினொரு பொதுத் தேர்தல்கள் நடைபெற்றன. தம் ஊரின் ஊராட்சிக்கு அவர் வாக்களிக்க வாய்ப்பிருந்த பொதுத் தேர்தல்களோ 1986, 1996, 2001, 2006, 2011, 2021 ஆகிய ஆண்டுகளில் நடந்த ஆறே தேர்தல்கள். அவர் முதன்முதல் ஊராட்சிக்கு வாக்களித்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய 36.

தொலைவிலுள்ள சட்டமன்றத்துக்குப் பதினொரு தடவை. கூப்பிடு தூரத்திலுள்ள ஊராட்சி மன்றத்துக்கு ஆறு தடவை. இந்த வேற்றுமை எவ்வாறு ஏற்பட்டது? இக்கேள்விக்கு விடை காண முயன்றால், நமது அண்மைக் கால அரசியல் வரலாற்றின் முக்கியப் பகுதிகள் யாவும் நமக்கு விளங்கிவிடும். பள்ளி மாணவர்கள் தேர்வுக்காகப் படிக்கும் அடிப்படைக் கேள்விகளே இவை. ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இவற்றை வாழ்வுக்காகப் படிக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

முதற் கேள்வி: நம்மை ஆளும் மன்றங்கள் எவை?

இந்திய அரசியல் சட்டப்படி நமக்கு மூன்று நிலைகளில் அரசாங்கம் உண்டு. நாடாளுமன்றத்தைக் கொண்ட மத்திய அரசு ஒன்று; சட்டமன்றத்தைக் கொண்ட மாநில அரசு இரண்டாவது; உள்ளாட்சி மூன்றாவது. நகரங்களில் உள்ளாட்சி என்பது பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என அமைந்துள்ளது. பேரூராட்சியாக இருந்த உளுந்தூர்பேட்டை 2021-ம் ஆண்டில் நகராட்சியாக உயர்த்தப்பெற்றது. சுற்றியுள்ள சிற்றூர்களுக்கோ சிற்றூராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்ற மூன்று அடுக்குகள் உள்ளன.

ஆகவேதான் ஊராட்சித் தேர்தலில் கிராம வாக்காளர் கையில் நான்கு வாக்குச்சீட்டுகள் தரப்படுகின்றன. வெள்ளை அல்லது நீலச் சீட்டு வார்டு உறுப்பினருக்கு. இளஞ்சிவப்புச் சீட்டு ஊராட்சி மன்றத் தலைவருக்கு. பச்சைச் சீட்டு ஒன்றியக் குழு உறுப்பினருக்கு. மஞ்சள் சீட்டு மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு. முதலிரண்டு பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, பின்னிரண்டுக்கு உண்டு. ஊராட்சித் தலைவரை மக்களே நேரில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் அந்தந்த மன்றத்து உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இம்மூன்று அடுக்குகளின் வேலைப் பிரிவினையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். தெருவிளக்கு, குடிநீர், வடிகால், சுடுகாடு ஆகியவை ஊராட்சியின் கடமை. 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள சிறிய ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்ட ஏரி நீர்வளத் துறையைச் சார்ந்தது. மதகு பழுதானால் எந்த வாயிற்படியில் நிற்பது என்று அறியாமல் ஒரு பருவத்தையே இழந்த விவசாயிகள் உண்டு. எந்த மன்றத்துக்கு எந்த வேலை என்று அறிவதே அரசியல் கல்வியின் அரிச்சுவடியாகும்.

இரண்டாம் கேள்வி: உள்ளாட்சி நமக்கு எங்கிருந்து வந்தது?

ஊர்ச்சபை நமக்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், குடவோலை முறையை விவரமாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுத்து, வாரிய உறுப்பினரைத் தெரிந்தார்கள். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் உறுப்பினராக இயலாது என்று விதி செய்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்விதி இன்றைக்கும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கதே.

ஆனால் உண்மையை முழுதும் கூற வேண்டும். உத்திரமேரூர்ச் சபை பிராமணர்களுக்கு வழங்கப்பெற்ற பிரமதேய ஊரின் சபை. வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியன உறுப்பினருக்கு வேண்டிய தகுதிகள். பெண்டிருக்கும், நிலமற்ற உழவருக்கும் அங்கே இடமில்லை. ஆகவே அம்முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டுவது கணக்கு ஒழுங்கையே.

இன்றைய உள்ளாட்சி, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் உருவாயிற்று. 1882-ம் ஆண்டு மே 18-ம் நாள் வைசிராய் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் அதன் அடிப்படையாகக் கருதப்படுகிறது. நிர்வாகச் சீரமைப்பைக் காட்டிலும், மக்களுக்கு அரசியல் பயிற்சி அளிப்பதே உள்ளாட்சியின் முதல் நோக்கம் என்று அத்தீர்மானம் வற்புறுத்தியது. அதையடுத்து 1884-ம் ஆண்டுச் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டம், ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என்ற மூன்று அடுக்குகளை ஏற்படுத்தியது. தென்னார்க்காடு ஜில்லா போர்டும் இச்சட்டத்தின் வழி வந்ததேயாம். எனினும் ஜில்லா போர்டுக்குக் கலெக்டரே தலைவராக இருந்தார். உறுப்பினர் பலர் நியமனம் பெற்றவர்கள். மக்களுக்குப் பயிற்சி என்று சொன்னவர்கள், கடிவாளத்தைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள்.

1919-ம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி இரட்டை ஆட்சி வந்தபோது, ஸ்தல சுயாட்சி இலாகா இந்திய மந்திரியின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. போலீசும் வருவாயும் கவர்னர் பக்கம். பள்ளியும் பஞ்சாயத்தும் மந்திரி பக்கம். 1920-ம் ஆண்டில் சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றப்பெற்றது. 1934-ம் ஆண்டில் தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டன.

மூன்றாம் கேள்வி: குடியரசு கிராமத்துக்கு என்ன செய்தது?

அரசியல் நிர்ணய சபையில் இதுபற்றிக் கடுமையான விவாதம் நடந்தது. 1948-ம் ஆண்டு நவம்பர் 4-ம் நாள் நகல் சட்டத்தை முன்வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராமம் குறுகிய மனப்பான்மையும் சாதிப் பிரிவினையும் குடிகொண்ட இடம் என்றும், கிராமத்தைக் கைவிட்டுத் தனி மனிதனை அடிப்படையாகக் கொண்டது நல்லதே என்றும் வாதிட்டார். காந்தியடிகளின் கிராம சுயராஜ்யக் கொள்கையில் பற்றுள்ளோர் இதை ஏற்கவில்லை. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை அதே மாதம் 22-ம் நாள் சபை ஏற்றது. அதுவே அரசியல் சட்டத்தின் 40-ம் விதி. கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து அவற்றுக்குச் சுயாட்சிக்கு வேண்டிய அதிகாரங்களை அளிக்க அரசு முயல வேண்டும் என்பது அதன் கருத்து.

ஆனால் 40-ம் விதி அரசுக்கு வழிகாட்டும் நெறிகளில் ஒன்றேயன்றி, நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறக்கூடிய உரிமையன்று. இந்த நுட்பத்தை நாம் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிற்கால இடர்ப்பாடுகளுக்கெல்லாம் வேர் இதுவே.

நமது மாநிலத்தில் 1950-ம் ஆண்டுக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும், பின்னர் 1958-ம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. இடையில், 1957-ம் ஆண்டில் பல்வந்தராய் மேத்தா குழு, சமுதாய வளர்ச்சித் திட்டங்கள் மக்கள் பங்கின்றி வெற்றி பெறமாட்டா என்று அறிக்கை தந்திருந்தது. 1958-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லா போர்டுகள் மறைந்து, ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. காமராஜர் முதலமைச்சராயிருந்த அந்நாட்களில், பள்ளிக்கூடம், மதிய உணவு, சாலை, கிணறு எனப் பல பணிகள் ஒன்றியங்கள் வாயிலாக நடைபெற்றன.

நான்காம் கேள்வி: வாக்குரிமை எல்லோருக்கும் எப்போது கிடைத்தது?

1920-ம் ஆண்டில் சட்டசபைக்கு நடந்த தேர்தலில் சொத்தும் வரியும் உடையோரே வாக்களித்தனர். 1921-ம் ஆண்டில் சென்னை மாகாணம் பெண்களுக்கும் அதே நிபந்தனையில் வாக்குரிமை தந்தது; இதில் இந்திய மாகாணங்களுள் சென்னையே முந்தியது. ஆனால் சொத்தில்லாதார்க்கு, ஆணாயினும் பெண்ணாயினும், வாக்கில்லை. 1950-ம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 326-ம் விதியே 21 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை வழங்கியது. 1989-ம் ஆண்டு முதல் அவ்வயது 18 எனக் குறைக்கப்பட்டது.

1951-52-ம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலில் சுமார் 17 கோடி வாக்காளர் பெயர்கள் பட்டியலில் ஏறின. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்போது ஒரு விந்தையான இடர்ப்பாட்டைச் சந்தித்தார். வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் சொந்தப் பெயரைக் கூற மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே பதிந்துகொண்டனர். பெயரில்லாத வாக்காளரை ஏற்க இயலாது என்று ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அடுத்த தேர்தலில் அவர்கள் தம் பெயரைச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். உரிமை சட்டத்தில் இருந்தும், பெயர் பட்டியலில் இல்லாவிடில் வாக்கு இல்லை என்பதற்கு இது நல்ல பாடம்.

இதனினும் அருகில், நம் கண்ணெதிரே ஒரு பாடம் இருக்கிறது. உளுந்தூர்பேட்டைக்கு மேற்கே, மாவட்டத்தின் எல்லையில் கல்வராயன் மலை உயர்ந்து நிற்கிறது. கோமுகியும் மணிமுத்தாறும் அம்மலையிலிருந்து இறங்கித்தான் நமது மாவட்டத்து வயல்களுக்கு நீர் தருகின்றன. அம்மலையில் வாழ்வோரிற் பெரும்பாலோர் மலையாளி என வழங்கும் பழங்குடி மக்கள். அவர்களுடைய மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் எனப்படும் மூன்று ஜாகீர்தாரர்களின் ஆதிக்கத்தில் இருந்தது. ஜாகீர் என்பது நிலத்தின் வருவாயைத் தண்டிக்கொள்ளும் உரிமை.

சமவெளியில் ஜமீன் முறையை ஒழிக்கும் சட்டம் 1948-ம் ஆண்டிலேயே இயற்றப்பெற்றது. அப்போது முதன்மந்திரியாக இருந்தவர் நமது தென்னார்க்காடு மாவட்டத்து ஓமந்தூரில் பிறந்த விவசாயியாகிய ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். ஆயினும் அவர் பிறந்த மாவட்டத்து மலையிலேயே ஜாகீர் முறை மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. 1976-ம் ஆண்டில்தான் அது முடிவுற்றது.

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் 60-க்கு மேற்பட்டோர் மாண்ட கொடுமைக்குப் பின், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. மலை மக்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் வாய்ப்பை 1996-ம் ஆண்டில்தான் பெற்றனர் என்ற செய்தி அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது. குடியரசு தோன்றி 46 ஆண்டுகளுக்குப் பின்! மலையின் நீர் ஆண்டுதோறும் நம்மிடம் வந்துகொண்டிருந்தது; நம்மிடமிருந்த வாக்குரிமை மலையேற அத்தனை காலம் பிடித்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அங்கே பின்தங்கியமைக்குக் காரணம் தேடுவோர் இந்தக் கால இடைவெளியை மறக்கலாகாது. கேட்கும் உரிமையுடைய மன்றம் இல்லாத ஊருக்குக் கொடுப்பார் கை எளிதில் நீள்வதில்லை.

ஐந்தாம் கேள்வி: சட்டமிருந்தும் தேர்தல் ஏன் தவறியது?

மலைக்கு நேர்ந்தது ஒரு வகையில் சமவெளிக்கும் நேர்ந்தது. 1970-ம் ஆண்டுக்குப் பின் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986-ம் ஆண்டில். அம்மன்றங்களின் காலம் 1991-ம் ஆண்டில் முடிந்தபின் மறு தேர்தல் 1996-ம் ஆண்டில். பிற மாநிலங்கள் பலவற்றிலும் இதே கதைதான். உரிய காலத்தில் தேர்தல் நடத்தியே தீர வேண்டும் என்று அரசியல் சட்டம் கட்டளையிடவில்லை. 40-ம் விதி வழிகாட்டியதேயன்றி வற்புறுத்தவில்லை.

இக்குறையை நீக்க வந்ததே 73-ம் அரசியல் சட்டத் திருத்தம். 1989-ம் ஆண்டில் இதே நோக்குடன் கொண்டுவரப்பட்ட மசோதா மாநிலங்களவையில் தோற்றது. பின்னர் 1992-ம் ஆண்டு டிசம்பரில் 73-ம் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1993-ம் ஆண்டு ஏப்ரல் 24-ம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கிணங்க தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமலாயிற்று. இத்திருத்தம் வகுத்தவற்றுள் ஐந்தை ஒவ்வோர் உறுப்பினரும் மனப்பாடமாக வைத்திருத்தல் வேண்டும்.

ஒன்று: ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்.
இரண்டு: மன்றத்தின் காலம் ஐந்தாண்டு. அது முடியுமுன் தேர்தல் நடைபெற வேண்டும். மன்றம் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் நடைபெற வேண்டும்.
மூன்று: ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கேற்ற இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம். தமிழ்நாட்டில் 2016-ம் ஆண்டு முதல் பெண்களுக்குப் பாதி இடம்.
நான்கு: தேர்தல் நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம்.
ஐந்து: நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்க மாநில நிதி ஆணையம்.

அம்பேத்கர் 1948-ம் ஆண்டில் அஞ்சியதற்கு மூன்றாவது விதி ஒரு விடையாக அமைந்திருப்பதைக் காண்க. கிராமத்தில் வலியோர் ஆட்சியே ஊராட்சியாகிவிடலாம் என்ற அச்சம் பொய்யன்று. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில், தலைவர் பதவி ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டதன் காரணமாகவே 1996 முதல் முறையாகத் தேர்தல் நடத்த இயலாமற் போய், 2006-ம் ஆண்டு அக்டோபரில்தான் நடந்தேறியது. தேர்தலை அரசு தவறவிடுவதும் உண்டு. ஊரே தடுப்பதும் உண்டு. இரண்டும் ஒரே இழப்பில் முடிகின்றன.

இத்தனை உறுதியான விதிக்குப் பிறகும் 2016-ம் ஆண்டில் மீண்டும் தடை ஏற்பட்டது. பழங்குடியினர்க்கு உரிய இடங்கள் முறைப்படி ஒதுக்கப்படவில்லை என்ற வழக்கில், தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபர் 4-ம் நாள் ரத்துச் செய்தது. அம்மாதம் 24-ம் நாளுடன் மன்றங்களின் காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். வார்டு எல்லை வரையறை, வழக்கு, மேல் வழக்கு என ஆண்டுகள் கழிந்தன. 2019-ம் ஆண்டு இறுதியில் தேர்தல் நெருங்கியபோது, புதிய மாவட்டங்கள் தோன்றியிருந்தன. மாவட்டப் பிரிவினைக்குட்பட்ட ஒன்பது மாவட்டங்களில் எல்லை வரையறையை முதலில் முடித்துப் பின்னரே தேர்தல் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ம் ஆண்டு டிசம்பர் 6-ம் நாள் ஆணையிட்டது. அவ்வொன்பதில் கள்ளக்குறிச்சியும் ஒன்று.

ஆகவே மற்ற 27 மாவட்டங்கள் அம்மாதத்திலேயே வாக்களிக்க, நமது மாவட்டம் 2021-ம் ஆண்டு அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் வாக்களித்தது. 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை முழுதாக ஐந்தாண்டு, ஒரு மன்றத்தின் ஆயுட்காலம் அத்தனையும், நமது சிற்றூர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. எல்லை மாற்றம் நமக்கு அருகில் ஓர் ஆட்சியர் அலுவலகத்தைத் தந்தது. அதற்குரிய விலையின் ஒரு பகுதியை நமது ஊராட்சிகள் செலுத்தின.

ஆறாம் கேள்வி: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிடில் என்ன நஷ்டம்?

தனி அலுவலர் இருக்கிறாரே, விளக்கு எரிகிறதே, குழாயில் நீர் வருகிறதே என்று சிலர் கேட்கலாம். அலுவலர்களின் உழைப்பைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. ஒன்றியத்துப் பல ஊராட்சிகளையும் ஓர் அலுவலரே கவனிக்க நேரும்போது, எந்தத் தெருவில் வடிகால் அடைத்துக்கொண்டது என்று அவர் எங்ஙனம் அறிவார்? வார்டு உறுப்பினரோ அத்தெருவிலேயே குடியிருப்பவர். காலையில் கதவைத் திறந்தால் அவ்வடிகாலில்தான் அவரும் கால் வைக்க வேண்டும்.

அடுத்தது நிதி. மத்திய நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கு உரியது. தேர்தல் நடவாத அவ்வாண்டுகளில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்குரிய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தல் தவறுவதால் தலைவர் நாற்காலி மட்டும் வெறுமையாவதில்லை. ஊரின் பையும் மெலிகிறது.

மூன்றாவது நஷ்டம் கண்ணுக்குப் புலப்படாதது. உறுப்பினராக நிற்பது, தோற்பது, மீண்டும் நிற்பது, வெல்வது, கணக்குக் காட்டுவது ஆகியவையே ரிப்பன் தீர்மானம் கூறிய அரசியல் பயிற்சி. முதன்முறையாக ஒரு பெண்ணோ, நிலமற்ற கூலி உழவரோ தலைவர் நாற்காலியில் அமர்ந்து தீர்மானப் புத்தகத்தில் ஒப்பமிடும் வாய்ப்பு ஐந்தாண்டுக்கொருமுறை வருவது. அது ஒருமுறை தவறினால், ஊரில் ஒரு தலைமுறையினர் கற்கவேண்டிய பாடத்தின் ஓர் அத்தியாயம் கிழிந்துபோகிறது.

ஏழாம் கேள்வி: நாம் செய்ய வேண்டுவது யாது?

2021-ம் ஆண்டு அக்டோபர் 20-ம் நாள் நமது மாவட்டத்தில் பதவியேற்ற மன்றங்களுக்குச் சட்டம் விதித்த காலம் 2026-ம் ஆண்டு அக்டோபர் வரை. முன்னரே வாக்களித்த 27 மாவட்டங்களின் மன்றங்கள் 2025-ம் ஆண்டு ஜனவரி 5-ம் நாள் காலம் முடிந்தபோது, அதற்குமுன் தேர்தல் நடவாமையால் மீண்டும் தனி அலுவலர் கைக்குச் சென்றன. இதை நாம் நினைவில் வைத்து, ஒவ்வோர் ஐந்தாண்டிலும் மூன்று காரியங்களில் விழிப்பாக இருத்தல் நலம்.

முதலாவது, வாக்காளர் பட்டியலும் வார்டு எல்லையும். வரைவு வெளியிடப்படும்போதே அதைப் படித்துப் பார்த்து, பிழையிருப்பின் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தர வேண்டும். எல்லையும் ஒதுக்கீடும் பற்றிய குறைகள் கடைசி நேரத்தில் வழக்காகும்போதுதான் தேர்தலே தள்ளிப்போகிறது. முன்கூட்டிச் சொன்ன குறை எளிதில் தீரும்.

இரண்டாவது, கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களுடன், 2022-ம் ஆண்டில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆயின. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் நிறைவுடையது. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை, வளர்ச்சித் திட்டம் ஆகியன சபையின் முன் வைக்கப்பட வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுவிட்டு வீடு திரும்புவோர், தம் உரிமையைத் தாமே எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். கணக்கு முழுவதையும் வாசிக்கக் கேட்டு, ஐயமிருப்பின் எழுந்து வினவுவதே முறை.

மூன்றாவது, கணக்கு. ஊராட்சி நிதியை எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவர் ஒப்பமும் வேண்டும் என்று விதித்திருப்பது ஒருவர்மேல் ஒருவர் ஐயங்கொள்வதற்காகவன்று. இருவரையும் பழியிலிருந்து காப்பதற்காகவே. கணக்கில் ஒழுங்குள்ள மன்றத்தை யாரும் இலேசில் குறை கூற முடியாது. தேர்தல் தள்ளிப்போனாலும், அம்மன்றம் திரும்பி வரவேண்டுமென்று ஊரே கேட்கும்.

ஊர் கூடினால் தேர் நகரும் என்பது நமது முன்னோர் அனுபவம். வடம் பிடிக்கும் கைகள் தளர்ந்தால், தேர் நடுத்தெருவில் நின்றுவிடும். நாம் தொடக்கத்தில் எண்ணிய விவசாயிக்கு 1986-க்கு முன் இழந்த வாக்குகளையும், 2016 முதல் 2021 வரை இழந்த ஆண்டுகளையும் எவரும் திருப்பித் தர இயலாது. அவருடைய பேரப்பிள்ளைகளின் கணக்கிலேனும் ஒரு வாக்கும் குறையாதிருக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது.

கூடிப் படித்து விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. ரிப்பன் தீர்மானத்துக்கும் 73-ம் திருத்தத்துக்கும் இடையே கழிந்த ஆண்டுகள் எத்தனை? இவ்விரண்டும் உள்ளாட்சியின் நோக்கத்தை எவ்வாறு நோக்குகின்றன?
2. அரசியல் சட்டத்தின் 40-ம் விதி இருந்தும் 1970 முதல் 1986 வரை ஊராட்சித் தேர்தல் ஏன் நடைபெறாதிருக்க முடிந்தது?
3. உத்திரமேரூர்ச் சபையின் விதிகளுள் இன்றைக்கும் ஏற்கத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை?
4. நமது ஊரிலுள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்ததா, நீர்வளத் துறையைச் சார்ந்ததா? ஆயக்கட்டு எவ்வளவு?
5. நமது ஊராட்சியின் மக்கள்தொகைக்குக் கிராம சபையில் எத்தனை பேர் கூட வேண்டும்? சென்ற கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? வந்தவர்களுள் பெண்கள் எத்தனை பேர் பேசினார்கள்?